ஒரு வழியும் இரு தாயரும்

உலகின் கூரை என்று புகழப்பெறுவது திபெத்திய மேட்டுநிலம். தெற்கே இமயமும் வடக்கே குவன்லுன் மலைத்தொடரும் மதில்களாக நிற்க, அவற்றின் நடுவே வானை நோக்கி உயர்த்தி வைத்த மேடைபோல் அந்நிலம் விளங்குகின்றது. அதன் சராசரி உயரம் ஏறத்தாழ 4,500 மீட்டர். சிந்துவும் பிரமபுத்திராவும் மேக்காங்கும் யாங்சியும் மஞ்சளாறும் பிறக்கும் இடம் அதுவே. எத்தனையோ நாடுகளின் வயல்களுக்கு நீர் வார்க்கும் அந்நிலம், தன் வடபுலத்தில் நடந்து செல்லும் வழிப்போக்கனுக்கு ஒரு மரத்தின் நிழலையும் தருவதில்லை.

அம்மேட்டுநிலத்தின் வடகிழக்கு விளிம்பில் சினிங் என்னும் நகரம் இருக்கின்றது. அதன் அருகே உள்ளது கும்பும் என்னும் புகழ்பெற்ற பௌத்த மடம். அங்கிருந்து இலாசா நகருக்குச் செல்லும் பழைய வழி ஒன்று உண்டு. அவ்வழி கோக்கோநோர் என்னும் நீலநிற உப்பேரியைக் கடக்கும். உவர்மண்ணும் சதுப்பும் கலந்த சைதாம் என்னும் தாழ்நிலத்தில் இறங்கும். பின்னர்க் குவன்லுன் மலையில் ஏறும். 5,000 மீட்டருக்கு மேற்பட்ட தங்லா மலைத்தொடரைத் தாண்டி, நாக்சு என்னும் ஊர் வழியாகத் தெற்கே செல்லும். வணிகரும் யாத்திரிகரும் பெருங்கூட்டமாகத் திரண்டே அவ்வழியிற் செல்வர். அக்கூட்டத்தைச் சாத்து என்று பழந்தமிழ் நூல்கள் கூறும். சாத்துடன் சென்றாலும் இலாசாவை அடைய மூன்று திங்களுக்கு மேல் ஆகும்.

அவ்வழியின் இடர்கள் பல. உயரம் மிகுந்தோறும் காற்று மெலிகின்றது. 5,000 மீட்டர் உயரத்தில் ஒருவன் உள்ளிழுக்கும் மூச்சில், கடற்கரையிற் கிடைக்கும் உயிர்க்காற்றில் ஏறத்தாழப் பாதியே கிடைக்கும். நீர் விரைவிற் கொதித்துவிடும். ஆனால் அக்கொதிநீரில் வெப்பம் போதாமையால் அரிசியும் பருப்பும் எளிதில் வேகமாட்டா. ஆதலால் அந்நாட்டார் வாற்கோதுமையை முன்பே வறுத்து மாவாக்கி, வெண்ணெய் கலந்த தேநீரிற் பிசைந்து உண்பர். விறகு இல்லை, உலர்ந்த எருதுச் சாணமே எரிபொருள். அவ்வெருது சாமானியமான எருதன்று. திருக்கோயில்களில் இறைவனுக்கு வீசும் வெண்சாமரம் அவ்விலங்கின் வால்மயிரால் ஆகியது. கோடையிலும் அங்கே கல்மழை பொழியும். காலையில் முழங்காலளவு ஓடும் ஆறு, வெயிலிற் பனி உருகுதலால் மாலையில் மார்பளவு பெருகும். ஆகையால் வழியறிந்தோர் விடியுமுன் புறப்பட்டு, நண்பகலுக்குள் கூடாரம் அடித்துத் தங்கிவிடுவர். இவ்வளவும் போதாவென்று ஆறலைகள்வர் கூட்டமும் குன்றுகளின் மறைவிற் காத்திருக்கும்.

வலிய ஆடவரும் அஞ்சும் இவ்வழியில், நாற்பத்தோர் ஆண்டு இடைவெளியில், இரு தாயர் தம் இளஞ்சிறாரை உடன்கொண்டு சென்றனர். ஒருவர் மருத்துவம் கற்றவர். மற்றவர் உழவர் குடியிற் பிறந்தவர். இருவரும் மகன்மேல் வைத்த அன்பில் ஏற்றத்தாழ்வு இல்லை. ஆயினும் அவ்விரு பயணங்களின் முடிவும் ஒன்றாக அமையவில்லை.

முதலாமவர் சூசி ரைன்ஹார்ட்டு அம்மையார். அவர் கனடா நாட்டினர். பெண்கள் மருத்துவம் கற்பது அரிதாக இருந்த அக்காலத்திலேயே டொராண்டோ நகரில் மருத்துவம் பயின்று 1888ஆம் ஆண்டில் தேர்ச்சி பெற்றார். 1894இல் பீட்ரசு ரைன்ஹார்ட்டு என்னும் டச்சுக்காரரை மணந்தார். இருவரும் கிறித்தவ சமயப் பணி செய்யும் எண்ணத்துடன் கும்பும் மடத்தின் அருகே குடியேறினர். விரைவில் அப்பகுதியில் கலகம் மூண்டது. அப்பொழுது அம்மையார் காயமுற்றோர்க்கு வேற்றுமை பாராது மருந்திட்டு உதவினார். பிற சமயத்தவராயினும் பிணி தீர்க்க வந்தவர் என்று அம்மக்கள் அவரை மதித்தனர். பின்னர்த் தாங்கார் என்னும் ஊரில் அவர்கள் வாழ்ந்தபொழுது, 1897ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள், சார்லசு என்னும் ஆண்மகவு பிறந்தது.

அக்காலத்தில் இலாசா நகரினுள் மேனாட்டார் புகுதல் கூடாது என்று தடை இருந்தது. அத்தடையை மீறியேனும் அந்நகரை அணுகவேண்டும் என்னும் வேட்கை பீட்ரசின் உள்ளத்தில் கனன்றுகொண்டிருந்தது. 1898ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் அச்சிறு குடும்பம் தாங்காரிலிருந்து புறப்பட்டது. உடன் சென்ற ஏவலர் மூவரே. நெடுநாளைக்கு வேண்டிய உணவையும் மருந்தையும் விலங்குகள் சுமந்தன. குழந்தைக்கு அப்பொழுது ஓராண்டும் நிரம்பவில்லை. முதற்பிறந்த நாளே அவனுக்கு வழியில்தான் வந்தது.

தொடக்கத்தில் பயணம் இனிதாகவே நடந்தது. அகன்ற புல்வெளியும் ஏரியின் நீலமும் குழந்தைக்கு நாள்தோறும் புதிய காட்சிகளாயின. பின்னர் இடையூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஏவலர் இருவர் அவர்களை விட்டு அகன்றனர். குதிரைகள் சில களவு போயின. இலடாக்கு நாட்டைச் சேர்ந்த பணியாளன் ஒருவனே துணையாக எஞ்சினான். எனினும் அவர்கள் திரும்பவில்லை. தங்லா மலைத்தொடரை நோக்கி மேலும் மேலும் ஏறினர்.

ஆகஸ்டு 22ஆம் நாள், நாக்சு ஊரை அடையச் சில நாள் இருக்கையில், உறங்கிய குழந்தை மீண்டும் கண் விழிக்கவில்லை. தாயோ மருத்துவர், மருந்துப் பெட்டியும் கையில் இருந்தது. பிறர் மக்கள் பலரை நோயினின்றும் மீட்ட அக்கைகளுக்குத் தம் மகனை மீட்கும் ஆற்றல் அன்று வாய்க்கவில்லை. மருந்து வைத்திருந்த பெட்டி ஒன்றே குழந்தையின் உடலைத் தாங்கும் பேழையாயிற்று. மண்ணை அகழ்ந்து அப்பேழையை வைத்து மூடினர். காட்டு விலங்குகள் தோண்டாதபடி அதன்மேல் பெரிய பாறையை உருட்டி வைத்தனர். பெயர் பொறித்த கல் இல்லை. மீண்டும் வந்து காண்பதற்கு வழியும் இல்லை. அவ்விடத்தை விட்டு நடந்த தாயின் ஒவ்வோர் அடியும் எத்துணைப் பாரமாக இருந்திருக்கும் என்பதை எழுத்தால் அளந்து காட்டல் இயலாது.

அவருடைய துன்பம் அதனோடும் முடியவில்லை. நாக்சு அதிகாரிகள் இலாசாவுக்குச் செல்ல இசையவில்லை. வேறு வழியாகத் திரும்புமாறு பணித்தனர். திரும்பும் வழியில் கள்வர் தாக்கினர். வழிகாட்டிகள் ஓடிவிட்டனர். செப்டம்பர்த் திங்களின் இறுதியில் ஓர் ஆற்றங்கரையில் கணவனும் மனைவியும் தனித்து நின்றனர். தொலைவிற் கூடாரங்கள் தெரிந்தன. உதவி நாடி அவற்றை நோக்கிச் சென்ற பீட்ரசு திரும்பவேயில்லை. அம்மையார் அக்கரையிற் காத்திருந்தார். காத்திருத்தலாற் பயனில்லை என்று தெளிந்தபின், மொழியும் சமயமும் வேறான மக்களிடையே தனியொருத்தியாக இரண்டு திங்கள் நடந்தார். ஏய்த்தோரும் உளர், இரங்கி இடம் கொடுத்தோரும் உளர். நவம்பர் 26ஆம் நாள் தாசியென்லு என்னும் எல்லைநகரை அடைந்தபொழுது, புறப்பட்ட குடும்பத்தில் அவர் ஒருவரே எஞ்சியிருந்தார்.

இனி, இரண்டாம் தாயைக் காண்போர் வேறொரு காட்சியைக் காண்பர். கும்பும் மடத்துக்கு அருகே தாக்சேர் என்னும் சிற்றூர் உண்டு. அங்கே உழவுத்தொழில் செய்த குடும்பம் ஒன்றின் தலைவி டிக்கி செரிங் அம்மையார். அவர் பதினாறு மக்களைப் பெற்றார்; அவர்களுள் ஏழு பேரே பிழைத்து வளர்ந்தனர். இளஞ்சிறாரை மண்ணுக்கு ஈந்த துயரத்தை அவரும் பலமுறை அறிந்தவர். 1935ஆம் ஆண்டு சூலை 6ஆம் நாள் அவருக்குப் பிறந்த மகனுக்கு லாமோ தோண்டுப் என்று பெயர்.

பதின்மூன்றாம் தலாய் லாமா 1933இல் மறைந்தபின், அவருடைய மறுபிறவியைத் தேடி இலாசாவிலிருந்து புறப்பட்ட துறவியர் குழு ஒன்று அவ்வுழவர் இல்லத்துக்கு வந்தது. மறைந்த தலைவரின் செபமாலை முதலிய பொருள்களையும் அவற்றைப் போன்ற வேறு பொருள்களையும் கலந்து முன்னே வைத்தபொழுது, குழந்தை தலைவருடைய பொருள்களையே எடுத்தது. அவனே அடுத்த தலாய் லாமா என்று அவர்கள் துணிந்தனர். குழந்தை கும்பும் மடத்துக்குக் கொண்டு செல்லப்பட்டான். அப்பகுதியை ஆண்ட மா பூபாங் என்னும் தலைவனோ, பெரும்பொருள் பெற்றாலன்றிக் குழந்தையை அனுப்பேன் என்றான். முதலில் ஓரிலட்சம் சீன வெள்ளியும், பின்னர் மேலும் மூன்று இலட்சமும் கேட்டான். அப்பெருந்தொகையைக் கொடுத்து உதவியவர்கள், இலாசா வழியாக மெக்கா நகருக்கு யாத்திரை சென்ற இசுலாமிய வணிகர்கள். பௌத்த சமயத் தலைவனாகும் குழந்தை இசுலாமிய யாத்திரிகரின் பொருளால் வழி பெற்றான் என்பது எண்ணுந்தோறும் இன்பம் தரும் செய்தியாகும்.

1939ஆம் ஆண்டு சூலையில், குழந்தைக்கு நான்கு வயது நிரம்பி ஏறக்குறைய ஒரு வாரம் ஆனபொழுது, அச்சாத்து புறப்பட்டது. பெற்றோரும் உடன்பிறந்தாரும் துறவியரும் யாத்திரிகரும் வணிகரும் அதில் இருந்தனர். குதிரைகளும் கோவேறு கழுதைகளும் நிரை நிரையாகச் சென்றன. குழந்தைக்கும் அவன் அண்ணன் லோப்சாங் சாம்தெனுக்கும் ஒரு பல்லக்கு அமைந்தது. அதன் இரு தண்டுகளையும் முன்னும் பின்னுமாக இரண்டு கோவேறு கழுதைகள் சுமந்தன.

நாடே வணங்கவிருக்கும் தலைவன் அப்பல்லக்கினுள் எவ்வாறு அமர்ந்து சென்றான்? அண்ணனோடு சண்டையிட்டுக்கொண்டே சென்றான். சண்டை முற்றினால் பல்லக்குச் சாய்ந்துவிடுமோ என்று ஓட்டுவோர் அஞ்சுவர். விலங்குகளை நிறுத்தி அன்னையை அழைப்பர். அவர் திரையை விலக்கிப் பார்ப்பார். மூத்தவன் அழுதுகொண்டிருப்பான், இளையவன் வெற்றிச் செருக்குடன் வீற்றிருப்பான். சண்டை இல்லாத பொழுதுகளில் இருவர் கண்களும் வெளியே சென்றன. காட்டெருதுகள் மந்தை மந்தையாக மேய்வதையும், காட்டுக் கழுதைகள் கூட்டமாக ஓடுவதையும், மான்கள் நிழல்போல் தோன்றி மறைவதையும், வாத்தினம் ஒலியெழுப்பி வானிற் பறப்பதையும் அச்சிறுவன் வியந்து நோக்கினான். முதுமையிலும் அக்காட்சிகள் அவன் நினைவை விட்டு நீங்கவில்லை.

சாத்து மெல்லவே நகர்ந்தது. நாளொன்றுக்குப் பத்து அல்லது பன்னிரண்டு மைல் கடந்தால் அதுவே போதும் என்று இருந்தனர். இலாசாவை நெருங்க நெருங்க எதிர்கொண்டு வரவேற்போர் மிகுந்தனர். நகருக்கு இரண்டு மைல் தொலைவில் தோகுதாங் என்னும் வெளியில் கூடாரங்கள் பல எழுந்தன. அவற்றின் நடுவே, தலாய் லாமாவை வரவேற்பதற்கென்றே வைத்திருந்த பெருங்கூடாரத்தில் அரியணை இட்டிருந்தது. நான்கு வயதுச் சிறுவன் அதன்மேல் அமர, நாடே அவன்முன் வணங்கியது. அக்டோபர் 8ஆம் நாள் அவன் இலாசாவினுள் புகுந்தான். வழிநெடுக அழுகை தீர்த்த அன்னைக்கும் இனி அவன் மகன் மட்டும் அல்லன். 1940இல் அவன் முறைப்படி அரியணை ஏறினான். மகன் மாளிகையில் வளர, அன்னை வேறு மனையில் வாழ்ந்தார். தம் கையாற் சுட்ட ரொட்டியை எடுத்துக்கொண்டு மகனைக் காணச் செல்வதே அவருக்கு எஞ்சிய உரிமையாயிற்று.

வழி ஒன்றாகவும் அன்பு ஒன்றாகவும் இருக்க, முடிவு இரண்டானது ஏன்? ஒரு தாய் விரைந்து சென்றார், மற்றவர் மெல்லச் சென்றார் என்று கூறுதல் இயலாது. இருவரும் மூன்று திங்கள் வழியை மெல்லவே கடந்தனர். ஒருவர் கவனம் குறைந்தவர் என்று கூறுதலோ பெரும்பிழை. குழந்தையைக் காக்கும் கல்வியெல்லாம் சூசி அம்மையாரிடம் இருந்தது.

வேறுபாடுகள் மூன்று. சார்லசு ஓராண்டே கடந்த மகவு. லாமோ தோண்டுப் நான்கு வயதுச் சிறுவன். வாய் திறந்து நோயைச் சொல்ல இயலாத பருவம் ஒன்று. பசியையும் வலியையும் உரக்க அறிவிக்கும் பருவம் மற்றொன்று. இது முதல் வேறுபாடு.

இரண்டாவது, உடலின் வழிவழி வந்த இயல்பு. மலைமேற் காற்று மெலிவதே நோய்க்குக் காரணம் என்பதைப் பால் பெர்ட்டு என்னும் பிரெஞ்சு அறிஞர் 1878ஆம் ஆண்டிலேயே ஆய்ந்து காட்டியிருந்தார். ஆயினும் திபெத்தியர் மட்டும் அவ்வுயரத்தில் எவ்வாறு இயல்பாக வாழ்கின்றனர் என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக மேட்டுநிலத்தில் வாழ்ந்த அம்மக்களின் மரபணுவில், மெல்லிய காற்றிலும் உடலைச் சீராக இயக்கும் மாறுதல் அமைந்திருப்பதை 2010ஆம் ஆண்டில் அறிவியலார் கண்டனர். உழவர் வீட்டுச் சிறுவன் அப்பாதுகாப்பை முன்னோர் கொடுத்த சீதனமாகப் பெற்றிருந்தான். கடல் கடந்து வந்த பெற்றோரின் மகவுக்கு அச்சீதனம் கிட்டவில்லை.

மூன்றாவது வேறுபாடே மக்கள் முயற்சியால் ஆவது. அது துணை. சூசி அம்மையாரைச் சூழ்ந்திருந்தவர் ஓரிருவர். இளைத்த குதிரைக்கு மாற்றுக் குதிரை இல்லை. களைத்த தாயின் கையினின்று குழந்தையை வாங்கிக்கொள்ள ஒரு பாட்டியோ அத்தையோ இல்லை. டிக்கி செரிங் அம்மையாரைச் சூழ்ந்து ஓர் ஊரே நடந்து சென்றது. பொருளுதவ வணிகர் இருந்தனர்; ஆற்றின் ஆழமறிந்தோர் இருந்தனர்; கள்வர் அஞ்சும் கூட்டம் இருந்தது. தாயின் மடியே குழந்தைக்கு முதற்காவல் என்பது மெய். ஆயின் நெடுவழியில் அத்தாய்க்கும் ஒரு மடி வேண்டும். அம்மடியே சுற்றமும் துணையும் பிறர் சேர்த்துவைத்த அறிவும் ஆகும்.

இவ்வுண்மையை அவ்வழியின் பிற்கால வரலாறும் உணர்த்துகின்றது. 1954இல் சினிங்கிலிருந்து இலாசாவுக்கு மோட்டார்ச் சாலை திறக்கப்பெற்றது. 2006ஆம் ஆண்டில் புகைவண்டிப் பாதை இலாசாவை எட்டியது. 1,956 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை, தங்லா மலைத்தொடரை 5,072 மீட்டர் உயரத்திற் கடக்கின்றது. பயணிகள் பெட்டிகளில் உயிர்க்காற்று கூடுதலாக ஊட்டப்படுகின்றது. மூன்று திங்கள் வழி ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவுமாகச் சுருங்கிற்று. ஆனாலும் மலை தன் இயல்பை மாற்றிக்கொள்ளவில்லை. சிறு குழந்தையுடன் உயரமான இடங்களுக்குச் செல்வோர் படிப்படியாக ஏறவேண்டும் என்று மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், இரவு தங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது; இடையிடையே ஒரு நாள் ஓய்வு வேண்டும். குழந்தை உண்ண மறுத்தாலும், உறக்கம் கெட்டாலும், காரணமின்றி அழுதாலும், விளையாட்டை வெறுத்தாலும், அதனை மலைநோயின் அறிகுறியாகக் கருதிக் காலந்தாழ்த்தாது கீழே இறங்கிவிடவேண்டும். எங்கோ ஒரு பாறையின்கீழ் உறங்கும் குழந்தையைப் போன்ற பலரை இழந்த பின்னரே மக்களினம் இவ்விதிகளைத் தெளிவாக எழுதிக்கொண்டது.

அவ்விரு தாயரின் பிற்கால வாழ்வும் அறியத்தக்கது. சூசி அம்மையார் தாயகம் திரும்பி, தாம் கண்டவற்றை 1901இல் ஒரு நூலாக வெளியிட்டார். மகனையும் கணவனையும் இழந்த நாட்டை அவர் வெறுக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் அதே எல்லைநகருக்கு மீண்டும் சென்று அம்மக்களுக்கு மருத்துவம் செய்தார். உடல்நலம் குன்றிக் கனடா திரும்பியவர் 1908இல் மறைந்தார். டிக்கி செரிங் அம்மையாருக்கோ இன்னொரு மலைப்பயணம் காத்திருந்தது. 1959ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மகன் நாடு துறந்து இந்தியாவுக்கு வந்தபொழுது, அன்னையும் இமயத்தைக் கடந்து வந்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் அரியணைக்கு வழிகாட்டிய மகனுடன் இப்பொழுது அடைக்கலம் தேடி நடந்தார். 1981இல் தர்மசாலையில் அவர் வாழ்வு நிறைவெய்தியது. அம்மகன் 1989இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றதைக் காண அவர் இருக்கவில்லை. தமக்கு அருளுணர்வைக் கற்பித்த முதல் ஆசான் தம் அன்னையே என்று அம்மகன் பலமுறை கூறியுள்ளார்.

அரிய வழிகளை அஞ்சி விலக்கினால் உலகம் விரியாது. துணையின்றித் துணிந்தால் உயிர் தங்காது. துணிவு தலைவனுடையதாக இருக்கலாம். வழியின் பாரத்தைச் சுமப்பதோ பெரும்பாலும் கூட்டத்தின் மிகச் சிறிய உயிரே. ஆதலின் ஒரு சாத்தின் வலிமையை அதில் முன்னே செல்லும் வீரனைக் கொண்டு அளத்தல் முறையன்று. அதன் நடுவே செல்லும் குழந்தை நலமாக இருக்கின்றதா என்று நோக்கி அளத்தலே முறையாகும். நாட்டின் நடையையும் அவ்வாறே அளப்பவர் அறிவுடையோர்.